மைய முனையமும் தொலை முனையமும்

தொலைபேசி இணைப்பகத்திலிருந்து சந்தாதாரரின் வீடு வரை செல்லும் தடங்களின் தொகுப்பே அணுகல் வலையமைப்பு. ஊருக்கு ஊர் ஓடும் நெடுந்தொலைவுத் தடங்களை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் அவற்றின் செலவு தலைக்கு மிகக் குறைவு. வீட்டு வாசலுக்கு வரும் கடைசிக் கம்பி அப்படியல்ல, அது அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியது. வீட்டார் நாளில் அரை மணி நேரம் பேசினால், மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அது சும்மா கிடக்கும். ஆனால் அதைப் புதைக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவு குறைவதில்லை. தொலைத்தொடர்பில் பணத்தையும் உழைப்பையும் அதிகம் விழுங்குவது இந்தச் சில கிலோமீட்டர்தான்.

அந்தச் செலவைக் குறைக்கப் பொறியாளர்கள் கண்ட வழி, தடத்தை நடுவில் வெட்டி இரண்டு கருவிகளை வைப்பது. இணைப்பகத்துக்குள் இருப்பது மைய முனையம். வீடுகளுக்குப் பக்கத்தில், தெருவோரப் பெட்டியிலோ கட்டடத்தின் அடித்தளத்திலோ இருப்பது தொலை முனையம். இரண்டுக்கும் நடுவே சில கம்பிகளோ ஒரே ஒரு கண்ணாடி இழையோ ஓடும். தொலை முனையத்திலிருந்து வீடு வரைதான் ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வெட்டு எங்கே விழ வேண்டும் என்ற கேள்விக்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இணைப்பகத்தின் வேலைகளில் சில வெளியே நகர்ந்தன. அந்த வேலைகளுக்கான மின்சாரம், வெப்பம், பாதுகாப்பு ஆகிய சுமைகளும் கூடவே நகர்ந்தன.

கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் 1882 ஜனவரி 28 அன்று தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இணைப்பகத்திலிருந்து தனித் தடம் என்ற அன்றைய ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அது நீடித்ததற்குக் காரணம் அதன் எளிமை. வீட்டில் இருக்கும் கருவிக்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், அமைப்பு வேண்டாம், அறிவும் வேண்டாம். எல்லாவற்றையும் இணைப்பகமே பார்த்துக்கொள்ளும்.

அப்படி அது பார்த்துக்கொள்ளும் வேலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால்தான் தொலை முனையத்தின் கடினம் புரியும். இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் நேர்மின்னோட்டம் எப்போதும் கம்பியில் நிற்கிறது. ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி மின்னோட்டம் பாய்கிறது, வைத்தால் நிற்கிறது. யாரோ பேச விரும்புகிறார் என்பதை இணைப்பகம் இதைக் கொண்டே அறிகிறது. மணியடிக்க வேண்டுமானால் சுமார் 75 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நொடிக்கு 25 சுழற்சி வீதம் அனுப்புகிறது. மின்னல் அடித்தாலோ, மின்வாரியக் கம்பி மேலே விழுந்தாலோ உள்ளே இருக்கும் கருவிகளைக் காக்கிறது. ஒரே கம்பி இணையில் இரு திசையிலும் ஓடும் குரல்களைப் பிரிக்கிறது, குரலை எண்களாக்குகிறது, பழுதைச் சோதிக்கிறது. இத்தனையும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனியாக நடக்கும். பல்லாயிரம் சந்தாதாரர்கள் கொண்ட ஓர் இணைப்பகத்தில் மிகுந்த இடத்தை அடைப்பது இந்த வேலைகளைச் செய்யும் சந்தாதாரர் அட்டைகள்தான்.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது: தூரம். 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி இணை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 275 ஓம் மின்தடை தரும். மின்தடை 1,200 அல்லது 1,500 ஓமைத் தாண்டினால் ரிசீவர் எடுக்கப்பட்டதை இணைப்பகம் நம்பகமாக உணர முடியாது. அதாவது நாலைந்து கிலோமீட்டரில் கதை முடிந்துவிடும். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மின்தடை காலாகக் குறையும், ஆனால் வேண்டிய செம்பு நான்கு மடங்காகும். தூரம் கூடக் கூடக் குரலின் உயர் அதிர்வெண்களும் தேய்ந்து, பேச்சு மந்தமாகக் கேட்கும். இதற்கு மைக்கேல் பூபினும் ஜார்ஜ் கேம்பெல்லும் ஏறத்தாழ ஒரே காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு தீர்வு கண்டார்கள். தடத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் சுருள்களைச் சேர்த்தால் குரல் அலைவரிசைக்குள் தேய்மானம் குறைந்து சீராகிறது. அமெரிக்காவில் 6,000 அடிக்கு ஒன்றாக 88 மில்லிஹென்றி சுருள்கள் வைப்பது வழக்கமாயிற்று. இந்த 6,000 அடி என்ற அளவு பிறகு வேறொரு காரணத்துக்கும் பயன்பட்டது.

சுருள்கள் தூரத்தைக் கூட்டின, ஆனால் நெரிசலைத் தீர்க்கவில்லை. நகரின் எல்லையில் புதிய குடியிருப்பு ஒன்று எழுந்தால் அங்கே நூறு பேர் இணைப்பு கேட்பார்கள். இணைப்பகத்திலிருந்து அந்தத் திசையில் போகும் நிலத்தடிக் குழாய் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சாலையை மீண்டும் தோண்டிப் புதிய கேபிள் போட மாதக்கணக்காகும். இருக்கும் சில கம்பி இணைகளிலேயே நூறு பேரை அனுப்ப முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் தொலை முனையம் பிறந்தது.

விடைக்கான அடிப்படை அதற்குள் கையில் இருந்தது. குரலைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி அனுப்பலாம் என்று 1937இல் பாரிஸில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் எண்ணினார். அதைச் செய்யும் மின்னணுக் கருவிகள் அன்று மலிவாக இல்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி1 என்ற தடத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அதைச் சிதையாமல் மீட்க நொடிக்கு 8,000 முறை அளந்தால் போதும். ஆக, 125 மைக்ரோ நொடிக்கு ஒரு மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் 8 பிட். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட அந்த நேரத்துக்குள் 24 பேரின் மாதிரிகளை வரிசையாக அனுப்பிவிடலாம். 24 பேருக்கு 192 பிட். இந்த ஒரு சுற்றுக்குச் சட்டகம் என்று பெயர், அதன் தொடக்கத்தைக் காட்ட இன்னும் ஒரு பிட். நொடிக்கு 8,000 சட்டகங்கள் என்றால் 15,44,000 பிட். ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றும் இ1 தடத்தில் 32 இடங்கள், நொடிக்கு 20,48,000 பிட். அதில் 30 இடங்கள் குரலுக்கு.

இந்தத் துடிப்புகளும் செம்பில் தேயும். வழியில் அவற்றைப் படித்துப் புதிதாக எழுதும் மறு உருவாக்கிகள் தேவை. அவற்றை 6,000 அடிக்கு ஒன்றாக வைக்கும்படி டி1 வடிவமைக்கப்பட்டது. சுருள்கள் இருந்த அதே நிலவறைகளில் சுருளைக் கழற்றிவிட்டு மறு உருவாக்கியைப் பொருத்தினார்கள். பழைய நிலவறைகள் வீணாகவில்லை, புதியவை தோண்ட வேண்டியிருக்கவும் இல்லை.

முதலில் டி1 இணைப்பகங்களுக்கு இடையே ஓடியது. அதையே சந்தாதாரர் பக்கம் திருப்பிய கருவிகளில் பரவலாகப் புழங்கியது 1979இல் வந்த எஸ்.எல்.சி.-96. 96 வீடுகள், நான்கு டி1 தடங்கள், ஒன்று பழுதானால் ஈடுகட்ட ஐந்தாவது தடம். ஒரு டி1க்கு அனுப்ப ஓர் இணை, பெற ஓர் இணை. ஆக 96 கம்பி இணைகளின் வேலையைப் பத்து இணைகள் செய்தன. நிரம்பிய குழாயில் 86 இணைகள் மிச்சமாயின.

இந்த அமைப்பின் நுட்பம், இரு முனையங்களும் மாறி மாறி வேடம் கட்டுவதில் இருக்கிறது. வீட்டிலுள்ள தொலைபேசிக்குத் தொலை முனையம்தான் இணைப்பகம். 48 வோல்ட்டையும் மணியையும் அதுவே தரும். இணைப்பகத்துக்கோ மைய முனையம்தான் 96 தொலைபேசிகள். தடம் நடுவில் வெட்டப்பட்டது இரண்டு பக்கத்துக்கும் தெரியக் கூடாது.

ஒருவர் ரிசீவரை எடுக்கும் கணத்தை அருகிலிருந்து பார்க்கலாம். வீட்டுக் கம்பியில் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அது பாய்வது தெருவோரப் பெட்டியிலுள்ள பேட்டரியிலிருந்து. அந்தச் சந்தாதாரரின் அட்டை அதை உணர்ந்து, ‘எடுக்கப்பட்டது’ என்பதை ஒரு பிட்டாக்குகிறது. அந்தப் பிட்டுக்கென்று தனி இடம் கிடையாது. ஒவ்வோர் ஆறாவது சட்டகத்திலும் அந்தச் சந்தாதாரரின் மாதிரியில் கடைசிப் பிட்டைக் குரலிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எட்டாவது பிட் என்பது குரலின் மிக நுண்ணிய பகுதி. ஆறில் ஒருமுறை அது பிசகினால் காது கண்டுபிடிக்காது. பிட் மைய முனையத்தை அடைந்ததும் அங்குள்ள எதிர் அட்டை ஒரு ரிலேயை மூடுகிறது. இணைப்பகத்தின் கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது. வழக்கமான தொலைபேசி ஒன்று எடுக்கப்பட்டதாகக் கருதி இணைப்பகம் டயல் ஒலியை அனுப்புகிறது. அந்த ஒலியை மைய முனையம் எண்களாக்கி அனுப்ப, தொலை முனையம் மீண்டும் ஒலியாக்கி வீட்டுக்குத் தருகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் ரிசீவரைக் காதில் வைத்தவருக்கு வித்தியாசமே தெரியாது.

இணைப்பகமே டிஜிட்டல் ஆனபோது இந்த வேடம் அபத்தமாயிற்று. தொலை முனையம் குரலை எண்ணாக்குகிறது, மைய முனையம் அதை மீண்டும் குரலாக்குகிறது, அடுத்த அறையிலுள்ள இணைப்பகம் அதை மறுபடி எண்ணாக்குகிறது. நடுவில் நடக்கும் இரண்டு மாற்றங்களும் வீண். ஆகவே டிஜிட்டல் தடத்தை நேரே இணைப்பகத்துக்குள் செருகினார்கள். மைய முனையம் தனிப் பெட்டியாக இல்லாமல் இணைப்பகத்தின் ஓர் அட்டையாகவும் சில நிரல் வரிகளாகவும் கரைந்துபோனது. ஆனால் எல்லா இடங்களிலும் அப்படிச் செய்யவில்லை. பழைய முறை தொடர்ந்த இடங்களில் இருந்தவர்களுக்கு அதன் விளைவு 1998க்குப் பிறகு தெரிந்தது. அப்போது தரப்படுத்தப்பட்ட 56 கிலோபிட் மோடம், வழியில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கும் என்ற கணக்கில் வேலை செய்தது. கூடுதலாக ஒரு மாற்றம் இருந்தாலே அதன் வேகம் 33.6 கிலோபிட்டையோ அதற்கும் கீழேயோ தொட்டுவிடும்.

நேரே செருகுவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இணைப்பகத்தைச் செய்த நிறுவனத்தின் தொலை முனையம்தான் அதோடு பேசும். ஒன்றை வாங்கினால் மற்றதையும் அங்கேயே வாங்க வேண்டும். 1990களில் ஐரோப்பாவில் உருவாகி உலகத் தரமான வி5 இடைமுகம் இந்தக் கட்டை உடைத்தது. அதன் முதல் வகை, வி5.1, ஒரே ஓர் இ1 தடத்தில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் நிலையான இடம் தருகிறது. வி5.2 பதினாறு இ1 வரை சேர்க்கும். அதில் யாருக்கும் நிலையான இடம் இல்லை. அழைப்பு வரும்போது காலியாக உள்ள ஓர் இடம் ஒதுக்கப்பட்டு, பேச்சு முடிந்ததும் திரும்பப் பெறப்படும். கட்டுப்பாட்டுச் செய்திகள் செல்லும் இ1 அறுந்துபோனால் மற்றோர் இ1 அந்தப் பொறுப்பை ஏற்கும்.

இந்த ஒதுக்கல் கணக்கு புள்ளியியலை நம்பியது. வீட்டுத் தொலைபேசி ஒன்று நெரிசல் வேளையிலும் பத்தில் ஒரு பங்கு நேரமே பயன்படும் என்று வைத்துக்கொண்டால், 96 பேருக்குச் சராசரியாகப் பத்து இடம் போதும். எதிர்பாராத ஏற்றத்துக்கு இன்னும் சில. எஸ்.எல்.சி.-96இலேயே 96 பேரை 48 இடங்களில் அடைக்கும் ஏற்பாடு உண்டு, அதுவும் தாராளம்தான். தொலைபேசி வழி இணையம் வந்தபோது இந்தக் கணக்கு தடுமாறியது. மூன்று நிமிடப் பேச்சுக்குப் பதில் இரண்டு மணி நேரம் பிடித்துவைக்கப்பட்ட இணைப்புகள் வந்தன. பேச்சை நம்பி வகுத்த ஒதுக்கல் இணையத்துக்குச் சரிப்படவில்லை.

தொலை முனையத்தின் உண்மையான சோதனை வெளியே, வெயிலில் நடக்கிறது. இணைப்பகத்தில் குளிரூட்டிய அறை, பெரிய பேட்டரி வரிசை, டீசல் ஜெனரேட்டர், ஆள் எல்லாம் உண்டு. தெருவோரப் பெட்டிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. மின்வாரியத்தின் மின்சாரத்தை 48 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றும் ஒரு கருவி, மின்சாரம் போனால் சில மணி நேரம் தாங்கும் ஈய அமில பேட்டரிகள், அவ்வளவே. வெளியே 40 பாகை வெயில் என்றால் மூடிய உலோகப் பெட்டிக்குள் அதைவிடப் பல பாகை கூடுதல். உள்ளிருக்கும் கருவிகளும் தம் பங்குக்கு வெப்பம் உமிழ்கின்றன. இத்தகைய பேட்டரிகளின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு எட்டுப் பத்துப் பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். கருவிகள் நலமாக இருந்தும் ஒரு பகுதியின் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். தடத்தை வெட்டி வெளியே வைக்கும் திட்டங்களில் இந்தச் செலவைக் குறைத்து மதிப்பிடுவது பழைய தவறு.

இந்தியாவில் இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தவர்கள் சி-டாட் பொறியாளர்கள். 1984இல் தொடங்கிய அந்த நிறுவனம் உருவாக்கிய 128 முனை கிராமத் தானியங்கி இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. குளிரூட்டி இல்லாமல் கிராமத்து வெப்பத்திலும் தூசியிலும் ஓட வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் முதல் நிபந்தனை. அது தொலை முனையம் அல்ல, முழு இணைப்பகம். பின்னாளில் பெரிய டிஜிட்டல் இணைப்பகங்களின் தொலை அலகுகள் சிற்றூர்களில் வைக்கப்பட்டன. அவற்றில் இரண்டு வகை உண்டு. சில தாமாக எதையும் முடிவு செய்யாது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டார் பேசினாலும் அழைப்பு நகரத்துக்குப் போய்த் திரும்பும். வேறு சில, நகரத்துத் தடம் அறுந்தாலும் ஊருக்குள் பேச வழி செய்யும். புயல், வெள்ளக் காலங்களில் இந்த வேறுபாட்டின் மதிப்பு மிகப் பெரிது.

கடைசிக் கம்பியையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வானொலி அலையை வைத்த முயற்சி ஒன்று சென்னையில் நடந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது டெனெட் குழுவும், சென்னையின் மைடாஸ் நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து 1990களில் கார்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். வீட்டுச் சுவரில் மாட்டப்படும் வால்செட்தான் தொலை முனையம். இணைப்பகத்தில் இருக்கும் அலகு ஆயிரம் சந்தாதாரர் வரை கையாண்டு, வி5.2 வழியே இணைப்பகத்தோடு பேசும். நடுவே கோபுரத்தில் உள்ள ஒவ்வொரு நிலையமும் ஒரே நேரத்தில் 12 அழைப்புகளைத் தாங்கும். நேர்ப்பார்வை இருந்தால் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட் இணையம் என்பதை அந்தக் காலத்து மோடங்களோடு ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். நூறு குடும்பங்களுக்காகக் கேபிள் புதைக்க முடியாத கிராமங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட அமைப்பு அது. கைபேசி பரவியதும் அதன் தேவை குறைந்தது.

செம்பின் கடைசி வாய்ப்பு டி.எஸ்.எல். குரலுக்கு மேலுள்ள அதிர்வெண்களில் தரவை அனுப்பும் இந்த முறை பழைய ஏற்பாடுகள் பலவற்றோடு மோதியது. குரலைக் காக்க வைத்த சுருள்கள் உயர் அதிர்வெண்களை அடைத்துவிடும். அவற்றைத் தேடித் தேடிக் கழற்ற வேண்டியிருந்தது. தொலை முனையம் உள்ள தடத்தில் இணைப்பகத்திலிருந்து டி.எஸ்.எல். தரவே முடியாது, ஏனெனில் வீடு வரை தொடர்ச்சியான செம்பு இல்லை. ஒரு காலத்தில் முன்னேற்றமாக வந்த தொலை முனையமே இணையத்துக்குத் தடையாயிற்று. தீர்வு, டி.எஸ்.எல். கருவியையும் அதே தெருவோரப் பெட்டிக்குள் கொண்டுபோவது. தூரம் குறைந்ததால் வேகமும் கூடியது. ஏ.டி.எஸ்.எல். சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தி ஐந்து கிலோமீட்டர் போகும். வி.டி.எஸ்.எல்.2 17 மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போய் வேகம் தரும், ஆனால் சில நூறு மீட்டருக்குள்தான். இணைப்பகத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் ஒரே கேபிளில் டி.எஸ்.எல். ஓடும் இடங்களில் புதிய தொல்லை ஒன்று வந்தது. பெட்டியில் புறப்படும் வலுவான அலை, தூரத்திலிருந்து தேய்ந்து வரும் பக்கத்து இணையின் அலையை அமுக்கிவிடும். பெட்டியின் சக்தியைக் குறிப்பிட்ட அதிர்வெண்களில் வேண்டுமென்றே குறைத்து இதைச் சமாளித்தார்கள்.

இதன் அடுத்த கட்டம்தான் இன்று நகரங்களில் வீட்டுக்கு வீடு வரும் கண்ணாடி இழை. இங்கே மைய முனையத்துக்கு ஓ.எல்.டி. என்று பெயர், வீட்டில் உள்ள சிறு வெள்ளைப் பெட்டிக்கு ஓ.என்.டி. நடுவே மின்சாரம் வேண்டும் கருவி எதுவும் இல்லை. ஓ.எல்.டி.யிலிருந்து ஓர் இழை கிளம்பி, ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 இழைகளாகப் பிரியும். அந்தப் பிரிப்பானில் பேட்டரியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. அது ஒளியை வெறுமனே பங்கிடும் கண்ணாடி. தெருவோரப் பெட்டியின் வெப்பத் தொல்லையை இதைப் போல் அடியோடு நீக்கிய ஏற்பாடு இதற்கு முன் வந்ததில்லை.

பங்கிடுவதால் ஒளி மெலியும். 32 பங்கு என்றால் கணக்குப்படி 15 டெசிபல் இழப்பு, நடைமுறையில் 17 வரை. வீட்டிலிருந்து புறப்படும் ஒளிக்கு இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் தேய்மானம், 20 கிலோமீட்டருக்கு 7. இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் ஒன்றிரண்டு. இத்தகைய இழை வலையமைப்புக்கான தரங்களில் ஒன்றான ஜிபானில் பரவலாகப் புழங்கும் கருவி வகை மொத்தம் 28 டெசிபல் வரை பொறுக்கும், அதாவது அனுப்பிய ஒளியில் 630இல் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே படித்துக்கொள்ளும். அழுக்குப் படிந்த ஓர் இணைப்பியோ, சுவர் மூலையில் கூர்மையாக மடிந்த இழையோ இந்தக் கணக்கை எளிதில் கெடுத்துவிடும். வீட்டுக்கு வரும் தொழில்நுட்பர் முதலில் ஒளியின் அளவைப் பார்ப்பது இதனால்தான்.

ஜிபானில் கீழ்நோக்கி 1,490 நானோமீட்டர் அலைநீளத்தில் நொடிக்கு 2.488 ஜிகாபிட், மேல்நோக்கி 1,310 நானோமீட்டரில் 1.244 ஜிகாபிட். ஒரே இழையில் இரு திசையும் மோதாமல் ஓடுகின்றன. கீழ்நோக்கிய சட்டகத்தின் நீளம் 125 மைக்ரோ நொடி. 1962இல் டி1 தேர்ந்தெடுத்த அதே அளவு. அன்று அதில் 193 பிட் இருந்தது, இன்று 3,11,040 பிட். கீழ்நோக்கி வரும் ஒளி எல்லா வீடுகளுக்கும் போகும். தனக்குரிய அடையாள எண் உள்ள பொட்டலத்தை மட்டும் ஓ.என்.டி. எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பக்கத்து வீட்டுத் தரவும் உள்ளே வந்துபோவதால் அதை மறைகுறியாக்கி அனுப்ப வழி செய்திருக்கிறார்கள்.

மேல்நோக்கிய திசைதான் உண்மையான பொறியியல். 32 வீடுகளும் ஒரே இழையில் அனுப்ப வேண்டும், இரண்டு வீடுகளின் ஒளி ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் கெடும். யார் எப்போது அனுப்ப வேண்டும் என்பதை ஓ.எல்.டி. ஒவ்வொரு சட்டகத்திலும் சொல்லிவிடுகிறது. ஆனால் வீடுகள் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ நொடி எடுக்கும். 3 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்குப் போய்த் திரும்ப 30 மைக்ரோ நொடி, 18 கிலோமீட்டர் வீட்டுக்கு 180. வேறுபாடு 150 மைக்ரோ நொடி. அது முழுச் சட்டகத்தைவிட நீளம், மேல்நோக்கிய வேகத்தில் சுமார் 1,86,000 பிட்டுக்குச் சமம். இதைத் திருத்தாமல் ஒழுங்கு வராது.

ஆகவே புதிய ஓ.என்.டி. ஒன்று மின்சாரம் பெற்று விழித்தால் உடனே பேசுவதில்லை. முதலில் கீழ்நோக்கிய ஒளியைக் கேட்டுச் சட்டகத்தின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓ.எல்.டி. அவ்வப்போது மற்ற எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, புதியவர் யாரேனும் உண்டா என்று கேட்கும். அந்த இடைவெளியில் புதியது தன் வரிசை எண்ணை அனுப்பும். அது வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, எவ்வளவு தாமதித்து அனுப்ப வேண்டும் என்று ஓ.எல்.டி. திருப்பிச் சொல்லும். அருகிலுள்ள வீடு நிறையக் காத்திருக்கும், தொலைவிலுள்ளது கொஞ்சம். அதன் பிறகு எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஒரு வீட்டின் ஒளிக்கும் அடுத்த வீட்டின் ஒளிக்கும் இடையே விடப்படும் இடைவெளி குறைந்தது 32 பிட் நேரம், சுமார் 26 நானோ நொடி. அந்த நேரத்தில் இழைக்குள் ஒளி கடப்பது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு குறுகிய இடைவெளியில், அருகிலிருந்து வரும் வலுவான ஒளியிலிருந்து தொலைவிலிருந்து வரும் மெலிந்த ஒளிக்கு ஓ.எல்.டி.யின் ஏற்பி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். தூரத்தால் மட்டுமே இந்த வலுவில் ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கலாம்.

ஒரு பலவீனம் உண்டு. ஒரு வீட்டின் கருவி பழுதாகி இடைவிடாமல் ஒளி உமிழ்ந்தால் அந்தப் பிரிப்பானில் உள்ள எல்லா வீடுகளும் முடங்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழிமுறைகள் ஓ.எல்.டி.யில் சேர்க்கப்படுவது இதற்காகவே.

மின்சாரச் சுமை தெருவிலிருந்து நீங்கியதே தவிர மறைந்துவிடவில்லை, வீட்டுக்குள் போய்விட்டது. செம்புத் தொலைபேசிக்கு இணைப்பகமோ தொலை முனையமோ மின்சாரம் தந்தது. கண்ணாடி மின்சாரம் கடத்தாது. வீட்டில் மின்வெட்டு என்றால், தனி பேட்டரி இல்லாதவரை ஓ.என்.டி. அணையும், அதோடு தொலைபேசியும் போகும். அணையும் கணத்தில், உள்ளே மிஞ்சிய மின்னூட்டத்தைக் கொண்டு ‘மின்சாரம் போய்விட்டது’ என்ற ஒரே செய்தியை மைய முனையத்துக்கு அனுப்ப முடியும். இழை அறுந்ததா, மின்சாரம் போனதா என்று பிரித்தறிய அது உதவும்.

கிராமங்களில் இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, பின்பு பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டம் சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்க வகுக்கப்பட்டது. அதன் முதல் வடிவத்தில் ஓ.எல்.டி. வட்டாரத் தலைமையிடத்திலும் ஓ.என்.டி. ஊராட்சி அலுவலகத்திலும் அமைந்தன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் உள்ளது. நகரத்து வீட்டில் ஓ.என்.டி. அணைந்தால் பாதிப்பு ஒரு குடும்பத்துக்கு. ஊராட்சி அலுவலகத்தில் அணைந்தால் ஊருக்கே பாதிப்பு. இழை நன்றாக இருந்தும் அலுவலகம் பூட்டியிருந்தாலோ மின்சாரம் இல்லாவிட்டாலோ சேவை நின்றுவிடும். அங்கே சூரியத் தகடும் பேட்டரியும் ஒளியியல் கருவிக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை, திட்டத்தில் அவற்றுக்கும் அதே அளவு கவனம் வேண்டும்.

வேகத்தைக் கூட்ட இப்போது புதைத்த இழையைத் தொட வேண்டியதில்லை. 2016இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்.ஜி.எஸ்.-பான் இரு திசையிலும் ஏறத்தாழ 10 ஜிகாபிட் தருகிறது. அது கீழ்நோக்கி 1,577, மேல்நோக்கி 1,270 நானோமீட்டர் அலைநீளங்களைப் பயன்படுத்துவதால் ஜிபானின் அலைநீளங்களோடு மோதாது. அதே இழை, அதே பிரிப்பான். இணைப்பகத்தில் புதிய ஓ.எல்.டி. ஒன்றையும் இரண்டு ஒளிகளைச் சேர்க்கும் வடிகட்டி ஒன்றையும் வைத்தால், புதிய வேகம் கேட்கும் வீடுகளில் மட்டும் ஓ.என்.டி.யை மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீடு பழைய கருவியிலேயே தொடரும்.